தொண்ணூறு பேர்

மைக்செட்காரருக்கு வருகிற போன் எல்லாமே ஏதோ ஒரு விருந்தைப் பற்றியதுதான். யாருக்கோ பிறந்தநாள், யாருக்கோ கல்யாணம், யாரோ வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார்கள். தேதி, நேரம், எத்தனை ஸ்பீக்கர் பெட்டி, மேடையில் எத்தனை மைக் என்று கேட்டுக் காலண்டரில் குறித்துக்கொள்வார். முப்பது வருடமாக இந்த ஊரில் நடந்த விசேஷங்களில் பாதிக்கு அவர் போயிருக்கிறார். விருந்தாளியாகப் போனதை மட்டும் விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால் ஒல்லி போன் செய்தபோது, இது எந்த வகை போன் என்று அவருக்குச் சட்டென்று பிடிபடவில்லை.

"டேய் டெஸ்டிங்," என்றார் ஒல்லி.

மைக்கைக் கையில் எடுத்ததும் 'டெஸ்டிங், டெஸ்டிங்' என்று சொல்கிற பழக்கத்துக்காக அந்தக் காலத்தில் வைத்த பெயர். இன்றைக்கு அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட உலகத்தில் மிச்சமிருப்பது ஒல்லி ஒருவர்தான். ஒல்லியும் இப்போது ஒல்லி இல்லை. டைல்ஸ் கடைக்கு முதலாளியானபோது உடம்பும் கூடவே முதலாளியாகிவிட்டது.

"சொல்லுடா."

"அடுத்த மாசம் பதினாலு, ஞாயித்துக்கிழமை. வேற வேலை எதையும் ஒத்துக்காத."

"என்ன விசேஷம்?"

"எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தஞ்சு வருஷம்டா. மத்தியானம் விருந்து வெச்சே ஆகணும்னு பொண்ணு ஒரே பிடிவாதம். ஆத்தோரமா புது ஹால் கட்டியிருக்காங்கல்ல, அங்கதான். சவுண்டு உன்னுது. வேற எவன்கிட்ட குடுப்பேன்? நீ எப்படியும் இருப்பேல்ல?"

"இருப்பேன்டா. இருக்காம?"

காலண்டரில் வழக்கமாக 'இரண்டு பெட்டி, இரண்டு மைக்' என்று எழுதுகிறவர் அன்றைக்குப் பதினான்காம் தேதிக் கட்டத்தில் 'ஒல்லி' என்று மட்டும் எழுதினார்.

அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை. கொதித்து வருகிற விரிப்புகளை எதிரும் புதிருமாக இரண்டு பேர் நின்று உதறி, மடித்து, அடுக்க வேண்டும். நாளுக்கு நானூறு விரிப்பு. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருக்கும். வந்ததும் வராததுமாக அவர் விஷயத்தைச் சொன்னார்.

"நிஜமாவா? கூப்பிட்டாரா?"

"கூப்பிட்டான்."

"என்னன்னு கூப்பிட்டாரு?"

"நீ எப்படியும் இருப்பேல்லன்னு கேட்டான்." கொஞ்சம் பொறுத்து, "சவுண்டும் நம்மளுதுதான்," என்றார்.

எதை முன்னால் சொல்வது, எதைப் பின்னால் சொல்வது என்பதில் கொஞ்சம் கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டார். பொய் சொன்னதாக அவருக்கே தோன்றவில்லை. அவளும் கவனிக்கவில்லை. பையைக் கூட வைக்காமல் நின்றபடியே சிரித்துக்கொண்டிருந்தாள்.

சிரிக்கக் காரணம் இருந்தது. இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் ஒல்லியும் அந்தப் பெண்ணும் இரண்டு வீட்டுக்கும் தெரியாமல் பதிவு அலுவலகத்துக்கு வந்து நின்றபோது, சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் இவர்கள் இரண்டு பேர். இவர்களுக்கே அப்போது கல்யாணமாகி ஐந்து மாதம். இருந்தது ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. அறையைப் புது ஜோடிக்குக் கொடுத்துவிட்டு, பதினோரு நாள் இவர்கள் சமையல்கட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் படுத்தார்கள். காலை நீட்டினால் தண்ணீர்க் குடத்தில் இடிக்கும். நாலு பேரும் ஒரே சட்டியைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டு, வெளியே சத்தம் கேட்காமலிருக்க வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த நாட்கள் அவை. அதற்குப் பிறகு எத்தனையோ வந்தன. அந்தப் பதினோரு நாள் மாதிரி எதுவும் வரவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

ஒல்லி கடை போட்டார், ஊரின் அந்தக் கோடியில் வீடு கட்டினார். போக்குவரத்து குறைந்தது. சண்டை ஒன்றுமில்லை. மைக்செட்காரர் எப்போதாவது கடைப்பக்கம் போனால் ஒரு டீ குடித்துவிட்டு வருவார். பெண்கள் இருவரும் பார்த்து எட்டு வருடம் ஆகியிருந்தது.

அடுத்த நாளே சலவைப் பிரிவில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு வேலை நாள். கூட வேலை பார்க்கும் ஒருத்திக்காக இரண்டு ஞாயிறு தான் வருவதாகச் சொல்லி அந்த ஒரு ஞாயிறை வாங்கிக்கொண்டாள். பத்து நாள் போனது. ஒருநாள் சாப்பிடும்போது கேட்டாள்.

"ஏங்க, கார்டு எதுவும் அடிக்கலையா அவங்க?"

"அடிச்சிருப்பாங்க. நமக்கெல்லாம் எதுக்கு கார்டு? அது வெளியாளுக்கு."

"கார்டு கெடக்கட்டும். அவ ஒரு வார்த்தை போன் பண்ணி 'அண்ணி, வந்துருங்க'ன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"ஆயிரம் வேலை இருக்கும்."

"விசேஷத்துக்குக் கூப்பிடறதும் ஒரு வேலைதான். நான் குத்தம் சொல்லல. அவ வாயால ஒருதரம் கேக்கணும்போல இருக்கு, அவ்ளோதான்."

சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை. மேடை அளவைக் கேட்க வேண்டும் என்று ஒரு சாக்கு வைத்துக்கொண்டு மறுநாள் மத்தியானம் மைக்செட்காரர் டைல்ஸ் கடைக்குப் போனார். பேச்சோடு பேச்சாக, 'தங்கச்சியை விட்டு ஒரு போன் பண்ணச் சொல்லுடா' என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது.

வெளியே தார் உருகுகிற வெயில். கடைக்குள் சுவரெல்லாம் டைல்ஸ் நிறுத்தி வைத்து, குளியலறைக்குள் வந்துவிட்டது போலக் குளிர்ச்சியாக இருந்தது. ஒல்லி ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"வாடா, வாடா! சரியான நேரத்துல வந்த. உக்காரு. என் மண்டை வெடிச்சுரும்போல இருக்கு."

"என்னடா ஆச்சு?"

"ஹால்காரன் தொண்ணூறு பேருக்கு மேல ஒரு ஆளு கூடாதுங்கறான். ஒம்பது மேஜை, மேஜைக்குப் பத்து நாற்காலி. யாரு எங்க உக்காரணும்னு அட்டையில பேரெழுதி வெக்கப் போறாளாம் பொண்ணு. எங்கிட்ட தொண்ணூத்தி நாலு பேரு இருக்கு. யாரை வெட்டச் சொல்ற? நீயே சொல்லு."

போன் விஷயத்தைச் சொல்ல மைக்செட்காரர் வாயெடுத்தார். அதற்குள் நோட்டு அவர் பக்கம் திருப்பப்பட்டுவிட்டது. பார்த்தார். இரண்டு பக்கம் நிறையப் பெயர்கள். வேகமாக ஒருதரம் மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு மெதுவாக ஒருதரம் பார்த்தார்.

"இந்தப் பல் டாக்டர் எதுக்கு?" என்று கேட்டார். குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

"அவரை விட முடியாதுடா. அவரு வீட்டு விசேஷத்துக்கு ரெண்டுதரம் கூப்பிட்டுட்டாரு. ரெண்டுதரமும் போய்த் தின்னுட்டு வந்திருக்கோம்."

"பக்கத்து வீட்டுக்காரங்க?"

"அங்கதான் சிக்கல். இடது பக்க வீட்டைக் கூப்பிட்டா வலது பக்க வீட்டையும் கூப்பிடணும். ஒருத்தரை விட்டு ஒருத்தரைக் கூப்பிட்டா நாளைக்குக் காலைல வாசல்ல மூஞ்சி குடுத்துப் பேச மாட்டாங்க."

"அப்ப ரெண்டு பக்கத்தையும் விட்டுரு. ரெண்டு பேருக்கும் சமமா கோவம் வந்தா அதுல ஒண்ணும் தப்பில்ல. ரெண்டு ரெண்டு நாலு. தொண்ணூறு வந்துரும்."

ஒல்லி வாய்விட்டுச் சிரித்து அவர் தொடையில் ஓங்கித் தட்டினார். "இதுக்குத்தான்டா நீ வேணும்ங்கறது! நீ பக்கத்துல இருந்தாத்தான் எனக்கு மூளையே வேலை செய்யுது." நாலு பேரையும் அடித்துவிட்டு டீ வரவழைத்தார்.

டீ குடிக்கும்போது மைக்செட்காரரின் விரல் பட்டியலில் ஒரு இடத்தில் நின்றது. "டேய், இவரும் சம்சாரமும்னு எழுதியிருக்க. அந்தம்மா தவறிப் போயி ஆறு மாசம் ஆச்சேடா."

"அய்யய்யோ, ஆமா!" ஒல்லி தலையில் கை வைத்துக்கொண்டார். "அட்டை எழுதி மேஜையில வெச்சிருந்தா அந்த மனுஷன் என்ன பாடுபட்டிருப்பாரு. காப்பாத்துனடா." அந்தப் பெயரையும் அடித்தார். "அப்ப எண்பத்தொம்பது. ஒரு இடம் காலி."

ஒரு இடம். மைக்செட்காரர் கிளாஸின் அடியில் கிடந்த டீத்தூளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தனக்கு வேண்டாம், தான் எப்படியும் அங்கே இருக்கப்போகிறவர்தான். அவள் ஒருத்திக்கு அந்த நாற்காலி கிடைத்தால் போதும் என்று இருந்தது. கேட்டு வாங்குகிற விஷயமா அது? பணமென்றால்கூடக் கேட்டுவிடலாம். என்னை அழை என்று ஒருவன் எப்படி வாயைத் திறந்து கேட்பான்?

ஒல்லி பேனா மூடியை வாயிலிருந்து எடுத்தார். "ஆங், பொண்ணோட பாட்டு டீச்சர்! ரெண்டு நாளா சொல்லிக்கிட்டிருக்கா." எழுதினார். "தொண்ணூறு. அப்பாடா. கச்சிதமா வந்துருச்சு."

"வந்துருச்சு," என்றார் மைக்செட்காரர்.

இதில் ஒல்லி வேண்டுமென்று செய்தது ஒன்றுமில்லை. தன் வலது கையைப் பட்டியலில் எழுதிக்கொள்ள யாருக்கும் தோன்றாதே, அந்த மாதிரிதான். ஆனால் இதைத் தள்ளி நின்று பார்க்கிற நாம் சொல்லலாம். அந்த நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தவருக்கு அப்படித் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அவள் கட்டிலில் இரண்டு விரிப்புகளைப் பரப்பி வைத்திருந்தாள். பரிசு. மஞ்சள் பூப் போட்டது.

"வெள்ளைதான் நல்ல துணியா இருந்துச்சு. ஆனா வெள்ளையைக் குடுத்தா நான் ஆஸ்பத்திரியிலேர்ந்து சுருட்டிட்டு வந்துட்டேன்னு நெனைப்பாங்க," என்று சொல்லிச் சிரித்தாள். "போனீங்களே, என்ன சொன்னாரு?"

அவள் முகத்தைப் பார்த்தார். அந்தப் பதினோரு நாளில் பார்த்த முகம் மாதிரி இருந்தது.

"ரெண்டு பேரும் கண்டிப்பா வந்துரணும்னு சொன்னான்," என்றார். "தங்கச்சி போன் பண்ணலாம்னுதான் இருந்துச்சாம். கூப்பிட்டாத்தான் வருவாங்களான்னு விட்டுருச்சாம்."

"அதானே பாத்தேன். அவளா என்னை மறப்பா?" என்று அவள் விரிப்பை மடிக்கத் தொடங்கினாள். ஆஸ்பத்திரி மடிப்பு, மூலைக்கு மூலை பிசகாது. மைக்செட்காரர் பாத்ரூமுக்குப் போய் முகத்தை நெடுநேரம் கழுவினார்.

அதற்குப் பிறகும் உண்மையைச் சொல்ல ஒன்பது நாள் இருந்தது. தினமும் ஒரு நல்ல நேரம் பார்த்தார். ஒரு நாள் அவள் ரவிக்கையைத் தைக்கக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். ஒரு நாள் தலைக்கு மை போட்டுக்கொண்டு, நரை தெரிகிறதா என்று அவரிடம் குனிந்து காட்டினாள். நல்ல நேரமே வரவில்லை.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ஹாலுக்குப் போய்ப் பெட்டிகளை இறக்கினார். காவல்காரர் ஒரு கை கொடுக்க, இரண்டு பெரிய பெட்டிகளை மேடைக்கு இரண்டு பக்கமும் தூக்கி வைத்தார். வயர் இழுத்து, ஆட்கள் தடுக்காமலிருக்கத் தரையோடு ஒட்டினார். தன்னுடைய மேஜையை மூலையில், வலது பக்கப் பெட்டிக்குப் பின்னால் போட்டுக்கொண்டார். மைக்கை எடுத்து டெஸ்டிங் என்றார். காலி மண்டபம் அதையே திருப்பிச் சொன்னது. ஒன்பது மேஜைக்கும் வெள்ளைத் துணி விரித்து, தட்டுக்கு ஒன்றாக அட்டையை நிறுத்தி வைத்திருந்தார்கள். அவர் அந்தப் பக்கம் போகவில்லை. போகத் தேவையில்லை, பட்டியல் அவருக்கு மனப்பாடம்.

பன்னிரண்டு மணிக்கு அவள் வந்தாள். பச்சைப் புடவை, கையில் காகிதம் சுற்றிய பரிசு, இரண்டு பஸ் மாறி வந்த வியர்வை. வாசலில் நின்றிருந்த ஒல்லியின் மனைவி ஓடி வந்து கட்டிக்கொண்டாள்.

"அண்ணி! எத்தனை வருஷமாச்சு! கண்ணுலயே இருக்கீங்க அண்ணி. எப்படி இளைச்சுட்டீங்க!"

"நீ ஒண்ணும் இளைக்கல," என்றாள் இவள். இரண்டு பேரும் சிரித்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கையை விடவே இல்லை. அதில் ஒரு துளி பொய் கிடையாது.

"உள்ள போய் உக்காருங்க அண்ணி, இதோ வந்துர்றேன்," என்பதற்குள் போட்டோக்காரர் கூப்பிட்டு இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

இவள் உள்ளே வந்தாள். முதல் மேஜையைச் சுற்றி அட்டைகளைப் படித்தாள். இரண்டாவது மேஜை. கண்ணாடி எடுத்து வரவில்லை, அதனால் ஒவ்வொன்றுக்கும் குனிய வேண்டியிருந்தது. நடுவில் ஒரு வயதானவர் தன் இடம் தெரியாமல் திண்டாடினார். "உங்க பேரை நாலாவது மேஜையில பாத்தேன், வாங்க," என்று கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தாள். ஏழு, எட்டு. மண்டபம் நிரம்பிக்கொண்டிருந்தது. மூலையிலிருந்து மைக்செட்காரர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்துபோய்க் கையைப் பிடித்து அழைத்து வந்துவிட வேண்டும் என்று நினைத்தார். தரையில் ஒட்டிய வயரையே மறுபடி அழுத்தி ஒட்டினார்.

ஒன்பதாவது மேஜையின் கடைசி அட்டையைப் படித்துவிட்டு அவள் நிமிர்ந்தபோது, கையில் தாளோடு ஒல்லியின் பெண் வந்தாள். பத்து வயதில் பார்த்தது. இப்போது அம்மாவின் உயரம்.

"ஆன்ட்டி, உங்க இடம் கெடைக்கலையா? யாருன்னு சொல்லுங்க, லிஸ்ட்ல பாக்கறேன்."

சொல்ல ஆயிரம் இருந்தது. உன் அம்மா கல்யாணமாகி வந்து முதல் சோறு தின்றது என் கையால் என்று சொல்லியிருக்கலாம்.

"நான் மைக்செட், கண்ணு," என்றாள்.

"ஓ, சரி ஆன்ட்டி. மைக்செட் ஆளுங்களுக்குப் பின்னாடி பார்சல் வெச்சிருக்காங்க. மறக்காம வாங்கிக்குங்க," என்று அந்தப் பெண் மரியாதையாகத்தான் சொல்லிவிட்டுப் போனாள்.

பெட்டிக்குப் பின்னால் வந்து, வயர் வைக்கிற தகரப்பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். பரிசை மேஜைக்கடியில் வைத்தாள்.

"நம்மளைக் கூப்பிட்டாங்களா?"

அவர் ஆம்ப்ளிபயரில் ஏதோ திருகைத் திருகிக்கொண்டிருந்தார். "நீ எப்படியும் இருப்பேல்லன்னு சொன்னான்."

"அது உங்களை. என்னை?"

அவர் அதே திருகை மறுபடி திருகினார்.

"ரெண்டு பேரும் கண்டிப்பா வரணும்னு சொன்னதா சொன்னீங்களே."

"நீ விரிப்பை மடிச்சுக்கிட்டிருந்த. என்னால சொல்ல முடியல."

அவள் புடவைத் தலைப்பால் முகத்து வியர்வையைத் துடைத்தாள். திட்டியிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும்.

"நான் பஸ்ஸேறிப் போயிடறேன்," என்றாள்.

"போகாத. நீ இவ்ளோ தூரம் வந்தது..." என்று தொடங்கியவருக்கு முடிக்கத் தெரியவில்லை. "எனக்காக இரு."

"பசிக்குது," என்றாள். போகாமல் இருக்கிறேன் என்று அவள் சொல்கிற விதம் அது. அவர் எழுந்துபோய்ப் பார்சல் வாங்கி வந்தார். ஒன்றுதான் கொடுத்தார்கள். மடியில் வைத்துப் பிரித்தாள். சோறு, கோழி, ஒரு துண்டு கேக். அவருக்கு ஒரு வாய், தனக்கு ஒரு வாய் என்று உருட்டிச் சாப்பிட்டார்கள். பெட்டிக்கு அந்தப் பக்கம் தொண்ணூறு பேரின் பேச்சும் கரண்டிச் சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தன.

ஒல்லி மேடையேறினார். மைக்கைப் பிடித்தார்.

"எனக்கு டைல்ஸ் விக்கத் தெரியும், பேசத் தெரியாது," என்றார். சிரித்தார்கள். "இருபத்தஞ்சு வருஷம் முன்னாடி இவ வீட்டுக் கதவும் எங்க வீட்டுக் கதவும் ஒரே நாள்ல மூடிக்கிச்சு. பதிவு ஆபீஸ்ல எங்ககூட நின்னது ரெண்டே ரெண்டு பேரு. இருந்த ஒத்த ரூமையும் எங்களுக்குக் குடுத்துட்டு, பதினோரு நாளு சமையல்கட்டுல படுத்தாங்க. அன்னைக்கு அவங்க ஒரு வார்த்தை யோசிக்கிறேன்னு சொல்லியிருந்தா, இன்னைக்கு நாங்க இங்க நிக்க மாட்டோம். இவ்ளோ நாளா நான் இதை எங்கயும் சொன்னதில்ல. அவங்க ரெண்டு பேரும் இங்கதான் இருக்காங்க. கொஞ்சம் எழுந்து நின்னாங்கன்னா எல்லாரும்..."

வலது கையை மேஜைகள் பக்கம் நீட்டினார். எல்லோரும் திரும்பி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் எழவில்லை. ஒல்லியின் கை முதல் மேஜையிலிருந்து அடுத்ததற்குப் போனது. அதிலிருந்து அதற்கடுத்தது. ஒன்பதாவது மேஜை வரை போய் அங்கேயே நின்றது. பல் டாக்டர் இருந்தார். பாட்டு டீச்சர் இருந்தார். எண்ணி எண்ணி அவரே எழுதிய தொண்ணூறு பேரும் இருந்தார்கள்.

பிறகுதான் மூலையில் பெட்டிக்குப் பின்னால் பார்த்தார். தகரப்பெட்டியில் பச்சைப் புடவை. மடியில் பார்சல். பக்கத்தில் டெஸ்டிங், பாதி மென்ற வாயோடு.

மைக்கில் சத்தம் நின்றுபோனது. எதுவோ கழன்றுவிட்டதென்று மைக்செட்காரரின் கை தொழில் பழக்கத்தில் தானாகத் திருகுக்குப் போய்ச் சத்தத்தைக் கூட்டியது. ஒல்லியின் மூச்சு மண்டபம் முழுக்கக் கேட்டது. அடுத்து ஒரு விசும்பல்.

"சவுண்டைக் குறைங்க," என்றாள் அவள் அவசரமாக. "அண்ணன் அழறது எல்லாருக்கும் கேக்குது."

அவர் குறைத்தார். குறைத்த வேகத்தில் முழுக்கவே மூடிவிட்டார். மேடையில் ஒல்லி மைக்கை மறந்து இவர்களைப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வந்து நின்ற அவர் மனைவியும் அதையே சொன்னாள். மண்டபத்தில் யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. உதடு அசைவதைப் பார்த்தே இவர்களுக்குப் புரிந்தது. வாங்க, வாங்க என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"கூப்பிடறாங்க," என்றார் மைக்செட்காரர்.

"தெரியுது. போனா எங்க உக்கார்றது?" என்று கேட்டாள் அவள். கேட்டுவிட்டு, கை கழுவத் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று பார்த்தாள்.